வேதாகம அகராதியா, விளக்கவுரை வேதாகமமா, செல்போன் செயலியா? நீலகிரி வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு

நீலகிரியில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களும் ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுக்கிறவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: வேதாகமத்தில் வரும் ஆட்களும் ஊர்களும் பழைய சொற்களும் விளங்குவதற்கு ஓர் உதவி நூல் வாங்க வேண்டும், எதை வாங்கலாம்? கடைக்குப் போனால் ஒன்றுக்கு நான்காக இருக்கின்றன. ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடுகிற, கன்கார்டன்ஸ் என்று எல்லோரும் சொல்கிற ஒத்தவாக்கிய அகராதி, வேதாகம அகராதி, பக்கத்தின் அடியிலேயே குறிப்பு அச்சிட்ட விளக்கவுரை வேதாகமம், வரைபட நூல். இவை போதாதென்று செல்போனில் இலவசச் செயலி வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வேதாகம அகராதியை வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் மலை உயரம் காட்டுகிற வரைபடம் ஒன்று. கன்கார்டன்ஸ் செய்கிற வேலையைச் செயலி பார்த்துக்கொள்ளும். விளக்கவுரை வேதாகமத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். இதை ஏன் சொல்கிறேன் என்பதற்கு, உதவி இல்லாமல் வாசித்தால் இடறுகிற சில பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றும் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

ஒரே அதிகாரத்தில் இரண்டு யாக்கோபு

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரம். மொத்தம் 25 வசனங்கள்தான். முதல் வசனத்தில் ஏரோது ராஜா வருகிறான். இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு மரியாள் என்ற ஒரு பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். 17-ஆம் வசனத்தில், நடந்ததை யாக்கோபுக்கும் சகோதரருக்கும் அறிவியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டவருக்கு எப்படி அறிவிப்பது? ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று இதைக் கேட்டால் அது நன்றாக வாசிக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒழுங்கான பதில் கொடுக்க வேண்டும்.

கன்கார்டன்ஸில் 'யாக்கோபு' என்று தேடினால் ஆதியாகமத்து யாக்கோபில் தொடங்கி நூற்றுக்கணக்கான வரிகள் வரிசையாக வரும். ஈசாக்கின் மகன், செபெதேயுவின் மகன், அல்பேயுவின் மகன், கர்த்தருடைய சகோதரன் எல்லோரும் ஒரே தலைப்பின் கீழ். அது கன்கார்டன்ஸின் குறை அல்ல. ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் இந்தக் கேள்விக்கு அது உதவாது. செயலியும் அப்படியே.

வேதாகம அகராதி இவர்களை எண் போட்டுப் பிரித்துக் காட்டும். கொல்லப்பட்டவர் செபெதேயுவின் மகன், பன்னிருவரில் ஒருவர். 17-ஆம் வசனத்தில் வருகிறவர் கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு, பிற்பாடு எருசலேம் சபையில் முன்னணியில் நின்றவர், 15-ஆம் அதிகாரத்தில் பேசுகிறவரும் அவர்தான். அதே அகராதியில் 'ஏரோது' என்ற தலைப்பைப் பாருங்கள். பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற பெரிய ஏரோது கி.மு. 4-இல் செத்துப்போனான். யோவான்ஸ்நானனின் தலையை வெட்டியதும், லூக்கா 23-இல் இயேசுவைப் பரியாசம் பண்ணியதும் அவன் மகன் அந்திப்பா. அப்போஸ்தலர் 12-இல் வருகிறவன் பேரன், முதலாம் அகிரிப்பா. செசரியாவில் கி.பி. 44-இல் இறந்தவன். 25, 26-ஆம் அதிகாரங்களில் பவுலின் வாதத்தைக் கேட்கிற அகிரிப்பா ராஜா இவனுடைய மகன். நான்கு தலைமுறை ஒரே குடும்பம். இது தெரிந்தால் மத்தேயு 2 முதல் அப்போஸ்தலர் 26 வரை ஒரு அரச வீட்டின் கதையாகவும் வாசிக்க முடிகிறது. தெரியாவிட்டால், ஒரே ஏரோது ஏறக்குறைய அறுபது வருஷம் சாகாமல் ஆண்டதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

மரியாளுக்கும் இதே கதிதான். இயேசுவின் தாய், மகதலேனா, பெத்தானியாவின் மரியாள், இந்த அதிகாரத்தில் வருகிற மாற்கின் தாய், இன்னும் உண்டு.

விளக்கவுரை வேதாகமமும் இந்த இடத்தில் நன்றாகவே செய்யும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 17-ஆம் வசனத்தின் அடியிலேயே ஒரு வரி இருக்கும், பக்கம் புரட்ட வேண்டாம், வேகத்தில் அதுதான் முதல். ஆனால் அந்த வரி அந்த யாக்கோபோடு நின்றுவிடும். மற்ற மூன்று பேரும் எங்கே, யாருக்கு யார் உறவு என்ற மொத்தப் படம் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும்.

எரிகோ சாலையும் குன்னூர் சாலையும்

இடங்களைப் பற்றி மலைக்காரர்களிடம் பேசுவது எளிது. சமவெளியில் இருப்பவர்கள் பாடமாகப் படிக்க வேண்டியதை நாம் தினமும் காலால் அறிந்திருக்கிறோம். அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்கு ஆதங்கம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போன ஒருவன் கள்ளர் கையில் அகப்பட்ட நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொள்வோம். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். நடுவில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான் தூரம். அதற்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டருக்குச் சற்று மேலே. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறங்குகிறோம். குன்னூரில் போட்ட ஸ்வெட்டரைப் பர்லியாரில் கழற்றுகிறோம், கல்லாறு வந்தால் பாக்குத் தோப்பு. எருசலேமில் சில வருஷங்களில் பனி விழும். எரிகோவுக்கு வேதத்திலேயே பேரீச்சமரங்களின் பட்டணம் என்று பெயர். சகேயு ஏறிய காட்டத்தி மரம் எரிகோவில் இருந்ததும் இதனால்தான். உறைபனி விழுகிற இடத்தில் அந்த மரம் பிழைக்காது. வளைவும் பள்ளமும் ஆள் நடமாட்டமில்லாத திருப்பங்களும் உள்ள அப்படி ஒரு சாலையில் கள்ளர் ஏன் காத்திருந்தார்கள் என்று கோத்தகிரிப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை. கொடைக்கானலில் இருப்பவர்கள் வத்தலக்குண்டு இறக்கத்தை நினைத்துக்கொள்ளலாம்.

இதை எந்த உதவி நூல் சொல்கிறது? வேதாகமத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் வண்ண வரைபடங்கள் பெரும்பாலும் தட்டையானவை. கோத்திரங்களின் எல்லை தெரியும், பவுலின் பயணக் கோடு தெரியும், ஏற்ற இறக்கம் தெரியாது. அந்தப் படத்தில் எருசலேமும் எரிகோவும் விரல் அகலத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். அகராதியில் எரிகோ என்ற தலைப்பில் உயரம் எண்ணாக இருக்கும், ஆனால் எண் கண்ணுக்குப் படமாகாது. மலைநிழல் போட்டு, பள்ளத்தைப் பச்சையிலும் உயரத்தைப் பழுப்பிலும் காட்டுகிற வரைபடம்தான் இந்த வேலைக்குச் சரி. அது கிடைக்காதவர்கள் இருக்கிற தட்டையான படத்தில் பென்சிலால் உயரங்களை எழுதிக்கொள்ளலாம். கலிலேயாக் கடல், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 210 மீட்டர். சவக்கடல், கீழே 430 மீட்டர் அளவில். நாசரேத், மேலே சுமார் 350. எர்மோன் 2,814, நம் தொட்டபெட்டா 2,637. மோசே ஏறிய மலை என்று மரபாகச் சொல்லப்படும் ஜெபல் மூசா 2,285, ஊட்டி 2,240.

ஊட்டியில் நிற்கிற ஒருவர் சீனாய் மலையின் உச்சி உயரத்தில் நிற்கிறார், ஆனால் எருசலேம் குன்னூரின் உயரத்தில் பாதிகூட இல்லை. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற 121-ஆம் சங்கீதத்தை நம் வீடுகளில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அதை வாசிக்கும்போது மனசில் வருவது சோலைக்காடும் மூடுபனியும். அந்தப் பாடலைப் பாடிக்கொண்டு எருசலேமுக்கு ஏறியவர்கள் கண்டது சுண்ணாம்புக் கல் மலை, வெயில், ஒலிவ மரம். இரண்டையும் தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது என்பது என் எண்ணம். நம்முடைய மலையை அழித்துவிட்டு வாசிக்க வேண்டியதில்லை.

உயரப் படம் இன்னோர் இடத்திலும் கண்ணைத் திறக்கும். அப்போஸ்தலர் 13-இல் பவுலும் கூட்டாளிகளும் கடலோரப் பம்பிலியாவில் பெர்கே பட்டணத்துக்கு வருகிறார்கள். அங்கே யோவான் மாற்கு அவர்களை விட்டுத் திரும்பிவிடுகிறார். காரணத்தை வேதம் சொல்லவில்லை. ஆனால் அடுத்து அவர்கள் போன பிசீதியாவின் அந்தியோகியா ஆயிரம் மீட்டருக்கு மேலே, தாரஸ் மலைத்தொடரைத் தாண்டி இருக்கிறது. தட்டையான படத்தில் அது ஒரு சின்னக் கோடு. அதுவும், சீஷர்கள் முதல்முதல் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தியோகியா இது அல்ல, அது சீரியாவில் இருப்பது. இரண்டையும் பிரித்துச் சொல்ல மறுபடி அகராதிதான் வேண்டும்.

தாலந்தும் நாள் கூலியும்

சொற்களில் அளவும் நாணயமும்தான் மிகவும் குழப்புகிறவை. மத்தேயு 18-இல் ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்படுகிறது, அவன் வெளியே போய் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி என்று மத்தேயு 20-இன் திராட்சத்தோட்ட உவமையிலிருந்தே தெரிகிறது. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். பெருக்கிப் பாருங்கள், ஆறு கோடி நாள் கூலி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவர் வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தால் இரண்டு லட்சம் வருஷம் ஆகும். மற்றவனுடைய கடன் நூறு நாள் கூலி, அதே கணக்கில் நான்கு மாதம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு தோட்டக் குடும்பங்களுக்கு அந்த உவமைக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. கணக்குப் போடத் தேவையான எண்ணைத் தருவது அகராதி. கன்கார்டன்ஸ் 'தாலந்து' வரும் வசனங்களை மட்டும் காட்டும்.

விளக்கவுரை வேதாகமத்தில் எனக்குத் தயக்கம் இருப்பது இங்கேதான். தாலந்தின் எடையும், அந்த உவமை யாரைக் குறிக்கிறது என்ற உரையாசிரியரின் கருத்தும் ஒரே எழுத்தளவில், ஒரே பத்தியில் வரும். புதிதாக வாசிக்கிறவருக்கு எது தகவல், எது கருத்து என்று பிரிக்கத் தெரியாது. நல்ல சமாரியன் உவமையில் எருசலேமைப் பரலோக நகரமாகவும் சத்திரத்தைச் சபையாகவும் பழைய சபைப் பிதா அகுஸ்தீனார் விளக்கினார். அது மதிக்கத்தக்க பழைய வாசிப்பு. ஆனால் சாலை எப்படி இருந்தது என்று தெரிவதற்கு முன்னால் அதைப் படித்துவிட்டால் சாலை கண்ணுக்கே தெரியாமல் போகும். பிரசங்கம் தயாரிக்கிறவர்களுக்கு விளக்கவுரை உதவும். ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செயலியில் தேடுகிறவர்களுக்கு

கன்கார்டன்ஸைவிடச் செயலி எல்லா வகையிலும் வசதி. வசனங்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் மழையில் சிக்னல் போன நாளிலும் வேலை செய்யும். ஆனால் தமிழில் தேடும்போது சில இடங்களில் கை கொடுக்காது. யோசுவா 7, 8-இல் வரும் ஆயி என்ற பட்டணத்தைத் தேடினால் ஆயிரமும் ஆயினுமும் வந்து குவியும். ஆபிரகாம் புறப்பட்ட, 'ஊர்' என்றே பெயருள்ள பட்டணத்தைத் தேடினால் வேதத்திலுள்ள ஊரெல்லாம் வரும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டுக்கு' எதுவும் கிடைக்காது, 'வீட்' என்று பாதியில் நிறுத்த வேண்டும். மலைக்கு 'மலை' என்றும் 'பர்வத' என்றும் இரண்டு தடவை தேட வேண்டும்.

எழுத்து வேறுபாடும் உண்டு. சி.எஸ்.ஐ. வீடுகளில் பெரும்பாலும் 1871-ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பு, கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வந்த திருவிவிலியம். ஒன்றில் இஸ்ரவேல், மற்றதில் இஸ்ரயேல். ஒன்றில் ஆதியாகமம், மற்றதில் தொடக்கநூல். வீட்டுப் பாட்டி இன்னும் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றுதான் சொல்வார், பேதுரு, பவுல், யோவான் என்று சொன்னால் யார் என்று கேட்பார். கலப்புக் குடும்பங்களும், சேர்ந்து ஜெபிக்கும் அக்கம்பக்கத்தாரும் நம் ஊர்களில் நிறைய. அச்சிட்ட கன்கார்டன்ஸ் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்புக்கு மட்டுமே பயன்படும். செயலியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளலாம். கத்தோலிக்கரின் அன்பியக் கூட்டத்துக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் ஒரே அகராதியை வைத்துக்கொள்கிறவர்கள் முதல் பக்கத்தில் இரண்டு வகைப் பெயர்களுக்கும் ஓர் அட்டவணை எழுதி ஒட்டிவிடலாம்.

வயதானவர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். சிறிய திரையில் தேடுவது அவர்களுக்குச் சிரமம், இரண்டு புத்தகத்தை மாற்றி மாற்றிப் புரட்டுவதும் சிரமம். பெரிய எழுத்தில் விளக்கவுரை வேதாகமம் கிடைத்தால் அவர்களுக்கு அதுவே போதும்.

அகராதி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூன்று தலைப்புகளைத் திறந்து பாருங்கள்: ஏரோது, யாக்கோபு, அந்தியோகியா. ஆட்களையும் ஊர்களையும் எண் போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வசன எண் கொடுத்திருந்தால் வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் குழைத்திருந்தால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.