கல்லுக்கட்டிப் பக்கத்து உதிரிபாகக் கடையும் என் டிரையர் கதவும்

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியில் விருந்தினர்களுக்காக மூன்று அறைகள் வைத்து நடத்துகிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை என்று தினமும் ஒரு மூட்டைத் துணி சேரும். வெயில் காலத்தில் கவலையே இல்லை. பின்கட்டு முற்றத்தில் பத்து மணிக்குக் கொடியில் போட்டால் பன்னிரண்டுக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஐப்பசி பிறந்தால்தான் சங்கடம். அடைமழையில் துண்டுகள் மூன்று நாள் ஆனாலும் காயாது. காய்ந்தாலும் ஈர வாடை போகாது. அதற்காகத்தான் 7 கிலோ டிரையர் ஒன்று வாங்கினேன். அது நிற்காமல் இன்றும் ஓடுகிறது என்றால், காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இருக்கும் ஓர் உதிரிபாகக் கடைதான் காரணம். அந்தக் கடையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்திருந்தேன்.

டிரையர் எந்த நிறுவனத்துடையது என்று எழுதவில்லை. கதவுக் கோளாறு எல்லா நிறுவனத்து இயந்திரத்துக்கும் வருவது. சென்ற ஐப்பசியில் ஒரு நாள், ஆறு விரிப்புகளை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினேன். உருளை அசையவில்லை. கதவு திறந்திருப்பதாக விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கதவோ சாத்தித்தான் இருந்தது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது.

நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் புகார் கொடுத்தேன். நான்காம் நாள் ஒரு பையன் வந்தான். கதவை மூன்று முறை திறந்து மூடினான். மின்னோட்டம் போகிறதா என்று சோதிக்கும் மல்டிமீட்டரைப் பையிலிருந்து வெளியில் எடுக்கவே இல்லை. "போர்டு போய்விட்டது, 9,600 ரூபாய் ஆகும்" என்றான். வந்து பார்த்ததற்கு 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பார்க்காமலே சொன்ன அந்த வார்த்தைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனேன்.

கடை எட்டடி அகலம்கூட இருக்காது. மேலே மின்விசிறிச் சுருள்களும், கீழே கிரைண்டர் பெல்ட்டுகளும், மேசை முழுக்கப் பிஸ்கட் டப்பாக்களில் சிறு சிறு சுவிட்சுகளும் இருந்தன. கடைக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். நான் சொல்லி முடித்ததும் எதையும் எடுத்துக் காட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"ஆச்சி, கதவைச் சாத்தினால் 'டக்' என்று சத்தம் கேட்கிறதா? உள்ளே விளக்கு எரியுமே, அது அணைகிறதா? முழங்காலால் கதவை அழுத்திப் பிடித்தால் ஓடுகிறதா? மெஷின் நிற்கிற தளத்தில் வாட்டம் இருக்கிறதா?"

நான்கில் ஒன்றுக்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது எதை விற்றாலும் உங்களுக்கு நஷ்டம்" என்று ஒரு ரூபாய்கூட வாங்காமல் திருப்பி அனுப்பினார். எந்தக் கடையிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

அவர் சொன்னபடி வீட்டில் செய்து பார்த்ததை எழுதுகிறேன். டிரையர் வைத்திருக்கிற யாரும் செய்யலாம்.

கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் சின்னப் பொத்தான் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கதவு மூடும்போது அதை உள்ளே அமுக்கும். அப்போதுதான் இயந்திரத்துக்குக் கதவு மூடிவிட்டது தெரியும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை மட்டும் மர அகப்பைக் காம்பால் அமுக்கினேன். உருளைக்குள் எரிந்த விளக்கு உடனே அணைந்தது. காம்பை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியே பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினேன், அணைந்தது. கோளாறு அப்போதே பாதி பிடிபட்டுவிட்டது. சுவிட்ச் வேலை செய்கிறது, கதவுதான் அதுவரை போய்ச் சேரவில்லை. அந்தப் பையன் சொன்ன போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கதவு ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கு விடை தளத்தில் இருந்தது. வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியில், முன்பு ஆட்டுக்கல் கிடந்த இடத்தில்தான் டிரையரை வைத்திருக்கிறேன். மாவாட்டிக் கழுவிவிடுகிற தண்ணீர் முற்றத்துச் சாக்கடைக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார்கள் அந்தக் காலத்திலேயே வாட்டம் வைத்துத் தளம் போட்டிருக்கிறார்கள். நூறு வருடத்துக் கைவேலை, இன்றும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. அதன் மேல் ஓர் இயந்திரத்தை நிறுத்தினால் அது முன்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். சமமாக நிற்கிறதா என்று காட்டும் ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தேன். குமிழி நடுக்கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் ஓடிப்போயிருந்தது. சாய்வாக நிற்பதால் கதவின் பாரம் முழுவதும் வெளிப்புறம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கிக் கதவு நாக்கைக் கவ்விப் பிடிக்கும் கேட்ச் தேய்ந்துவிட்டது. அதன் இரண்டு பிளாஸ்டிக் பற்களில் ஒன்று மழுங்கியிருந்ததை விரலால் தடவியே உணர முடிந்தது.

கீலையும் பார்க்கச் சொல்லியிருந்தார். கதவை அகலத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். கால் அங்குலம் ஆடியது. எங்கள் நிலைக்கதவு பர்மாத் தேக்கு. கீல் கிடையாது, குடுமி என்ற முளை குழியில் உட்கார்ந்து சுற்றுவது. சின்ன வயதில் அது தரையில் உரசியபோது ஆசாரி வந்து முதலில் செய்ததும் இதைத்தான். நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கதவில் குற்றமில்லை, இருக்கையில்தான் குற்றம்" என்று அப்பச்சியிடம் சொன்னார். டிரையரிலும் கதவில் குற்றமில்லை. கீலின் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்தன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு முறுக்கினேன். மெல்லிய தகட்டில் ஏறும் திருகு என்பதால் முரட்டுத்தனமாக முறுக்கினால் துளையின் புரி போய்விடும். கை நின்ற இடத்தில் விட்டுவிட வேண்டும். முன்கால் திருகுகளைச் சுற்றி உயர்த்தி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்வரை சரி செய்தேன்.

மறுநாள் பழைய கேட்ச்சைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். விளிம்பில் தட்டைத் திருப்புளியை நுழைத்து இரண்டு காதுகளையும் உள்ளே நெருக்கினால் வெளியே வந்துவிடுகிறது. புதியதை அதே துளையில் அமுக்கினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடுகிறது. விலை 90 ரூபாய். அன்று சாயங்காலமே ஆறு விரிப்புகளும் காய்ந்தன.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் நின்றது. இந்த முறை கதவைச் சாத்தியதும் விளக்கு ஒழுங்காக அணைந்தது, ஆனால் உருளை சுற்றவில்லை. உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். "சுவிட்சே வேண்டாம் ஆச்சி, இரண்டு ஒயரையும் நேரடியாக இணைத்துவிட்டால் இனிமேல் இந்தத் தொந்தரவே வராது" என்றார். மழையும் விருந்தினரும் ஒன்றாக வந்த வாரம் அது. எனக்கும் ஆசை வந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கடைக்கு போன் செய்தேன். அதிகம் பேசாத மனிதர் அன்று சத்தம் போட்டுவிட்டார். "வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா, இல்லையா? கதவு திறந்திருக்கும்போதே உருளை சுற்றும். பிள்ளை கையை விட்டால் என்ன செய்வீர்கள்? அந்தச் சுவிட்ச் இருப்பதே அதற்காகத்தான்." விடுமுறைக்கு என் பேத்தி வருவாள், அவளுக்கு நான்கு வயது. எலக்ட்ரீஷியனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். யார் சொன்னாலும் அந்தச் சுவிட்சை ஒதுக்கி ஒயரை இணைத்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கு அணைகிறதே, பின் சுவிட்ச் எப்படிக் கெட்டிருக்கும் என்று அவரைக் கேட்டேன். மேசை மேல் ஒரு சுவிட்சை வைத்து விளக்கினார். அதற்கு மூன்று முனைகள். ஒன்று பொது. பொத்தானை அமுக்காதபோது பொது முனை இரண்டாவதோடு சேரும், அது விளக்குக்கு. அமுக்கும்போது மூன்றாவதோடு சேரும், அது மோட்டாருக்கு. விளக்குப் பக்கம் நன்றாக இருந்துகொண்டே மோட்டார்ப் பக்கம் கருகிப்போகலாம். விளக்குச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காகச் சுவிட்ச் முழுவதும் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது.

அதைச் சோதிக்க மல்டிமீட்டர் வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, ஒயர்கள் எந்த முனையில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துவிட்டு, அவற்றைக் கழற்றினேன். சத்தம் எழுப்பும் நிலையில் மீட்டரை வைத்து, பொது முனையிலும் மூன்றாவது முனையிலும் கம்பிகளைத் தொட்டேன். பொத்தானை அமுக்கியதும் 'பீப்' என்று கத்த வேண்டும். என் சுவிட்ச் பத்து முறை அமுக்கினால் இரண்டு முறைதான் கத்தியது. புதியது 160 ரூபாய். பழைய சுவிட்ச் சரியாகக் கத்தியிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பெல்ட்டும் வெப்ப ஃபியூசும் என்று சொல்லியிருந்தார். அதற்குத் தேவை எனக்கு வரவில்லை.

கடைசியாக ஃபெல்ட் பட்டை. கதவின் உள்விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் அது கீழ்ப்பக்கம் பிய்ந்து தொங்கியது. துண்டுகள் காய வழக்கத்தைவிட இருபது நிமிடம் கூடுதலாகப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கச் சொன்னார். மேலே பிடித்துக்கொண்டது, கீழே வெண்ணெயில் கத்தி போல வந்துவிட்டது. இந்தப் பட்டையை அவர் தன் கடையில் விற்கவில்லை. தடிமன் மாறினால் கதவு மறுபடியும் சுவிட்சை எட்டாது என்று சொல்லி, அசல் பட்டையையும் சூடு தாங்கும் பசையையும் வரவழைத்துத் தந்தார். ஒன்பது நாள் ஆனது. இரண்டும் சேர்த்து 760 ரூபாய். பழைய பசையைச் சுரண்டி எடுக்கத்தான் நேரம் பிடித்தது. ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் காயவிட்டேன். கதவைத் திறந்து வைத்திருந்தபோது சட்டத்தின் இடுக்கில் கைப்பிடி அளவு பஞ்சுத் தூசி இருந்ததையும் எடுத்தேன். அது சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது. இப்போது ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்கிறேன்.

ஆக, 9,600 சொன்ன இடத்தில் 1,010 ரூபாயில் எல்லாம் முடிந்தது.

கடையில் குறை இல்லாமல் இல்லை. முதலில் கொடுத்த சுவிட்சின் பொத்தான் உயரம் பொருந்தவில்லை. மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார் என்றாலும் கானாடுகாத்தானிலிருந்து ஒரு பஸ் பயணம் எனக்கு வீணானது. கேட்டால்தான் பில் எழுதுகிறார். வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார். திருப்புளி பிடிக்கத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய குறைதான். மதியம் ஒன்றரைக்கு அடைத்தால் நான்கு மணிக்கு மேல்தான் திறக்கிறார், வெயிலில் நிற்க ஒதுக்கிடமும் கிடையாது.

போன வாரம் விருந்தினர் ஒருவர் தன் கண்டாங்கிச் சேலையையும் டிரையரில் போடச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன், அந்தப் பருத்தியைச் சூட்டில் சுருங்க விடுவதற்கு எனக்கு மனம் வராது. முற்றத்து நிழலில் உலர்த்திக் கொடுத்தேன். விரிப்புகளும் துண்டுகளும் மட்டும் டிரையரில் போயின.

கடைக்குப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள். கழற்றிய பழைய பாகத்தையும், இயந்திரத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணின் படத்தையும் எடுத்துப் போங்கள். பழையதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் அவர் புதியதை எடுத்துத் தர மாட்டார்.