கடலோர சோனோமாவா, ரஷ்யன் ரிவரா: எந்த பினோ நுவார்?

கலிஃபோர்னியா பினோ நுவார் (அதே பெயர்த் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின்) வாங்கப் போகிறவர்கள் தடுமாறுவது சோனோமா மாவட்டத்தின் இந்த இரண்டு பகுதிகளில்தான். திராட்சை ஒன்றே, பழுக்கும் விதம்தான் வேறு.

குளிர்: ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கில் காலை மூடுபனி பெரும்பாலும் மதியத்துக்குள் விலகி, நல்ல வெயில் அடிக்கும். பசிபிக்கை ஒட்டிய மலைமுகடுகளில் காற்று ஓயாது. அங்கேயும் ஒரு விசித்திரம்: இந்தக் கடலோரத்தின் ஒரு பகுதியான ஃபோர்ட் ராஸ்-சீவியூவின் தோட்டங்கள் பெரும்பாலும் 920 அடிக்கு மேலே, பனிமூட்டத்துக்கும் மேலே வெயில் காய்கின்றன.

சுவை: ரஷ்யன் ரிவரில் பழுத்த செர்ரி, கோலா வாசம், நாக்கில் வழவழப்பு. கடலோரத்தில் புளிப்பு தூக்கல், ஈர மண் வாசம்.

விலை: இரண்டுமே மலிவில்லை. கடலோரத்தில் விளைச்சல் குறைவு, கையைக் கொஞ்சம் கூடவே கடிக்கும்.

லேபிள்: இங்கேதான் ஏமாறுவோம். 1987இல் வகுத்த ‘சோனோமா கோஸ்ட்’ ஒயின் பகுதியின் எல்லை உள்நாடு வரை நீள்கிறது. நிஜமான கடலோரச் சரக்கு வேண்டுமென்றால், 2022இல் அங்கீகாரம் பெற்ற ‘வெஸ்ட் சோனோமா கோஸ்ட்’ என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள்.

முதல்முறை குடிப்பவருக்கு ரஷ்யன் ரிவர். சால்மன், காளானோடு குடிக்கவோ, சில வருஷம் எடுத்து வைக்கவோ என்றால் கடலோரம். என் ஓட்டும் அதற்கே.