கிளிநொச்சியில் வாங்கிய பிரஷர் மெஷின்

கிளிநொச்சிப் பாமசி ஒன்றில் மூன்று மாதத்துக்கு முன் வாங்கியது. எனக்கு 46 வயது, வருத்தம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் தவறணையில் மூன்று போத்தல் கள்ளு மட்டும் உண்டு.

குடித்துவிட்டு வந்த இரவு 118/76. “இஞ்சை பாருமப்பா, கள்ளு மருந்து” என்று மனைவிக்குக் காட்டினேன். ஞாயிறு பின்னேரம் 146/92! மெஷின் பழுது என்று கடைக்குக் கொண்டு ஓடினேன். கடைத் தம்பி தன் கையில் கட்டிப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

அப்புறம் டொக்டர்தான் விளக்கினார்: கூடக் குடித்தால் நாடிகள் முதலில் தளர்ந்து பிரஷர் இறங்கும், 12 மணித்தியாலம் கழிய ஏறும். இதுவே வழக்கமானால் நாடிச் சுவர் விறைக்கும்.

ஐந்து நிமிடம் சும்மா இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பெட்டிக்குள் தமிழில் ஒரு துண்டுகூட இல்லை, அது பெரிய குறை. பட்டரியும் கெதியில் தீருது. மற்றபடி நல்ல சாமான். மனைவிக்கு என்னைவிடப் பிடித்திருக்கிறது.