சிக்னல்-பி 6.0: ஒரே கேள்விக்கு நல்ல பதில்

புரதப் போக்குவரத்துப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் தடுமாறும் இடம் அநேகமாக ஒன்றுதான். புரதங்களைக் கோக்கும் ரைபோசோம்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அப்படியிருக்க ஒரு புரதம் சைட்டோசால் என்ற செல் திரவத்திலேயே தங்கிவிடுகிறது, இன்னொன்று பாதி உருவாகும்போதே எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னலுக்குள் நுழைகிறது. இதை முடிவு செய்வது எது? பல புரதங்களில் விடை அமினோ அமிலச் சங்கிலியின் தொடக்கத்திலேயே, சிக்னல் பெப்டைடு என்ற அடையாளத் துண்டாக இருக்கிறது. அதைக் கண்ணெதிரே காட்டுவதற்காகத்தான் சிக்னல்-பி தளத்தை வகுப்பில் திறக்கிறேன். ஒரு புரதத்தில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று கணித்துச் சொல்லும், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தும் இலவசச் சேவை இது. இப்போதுள்ள 6.0 பதிப்பைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2022-இல் வந்தது.

வேலை எளிது. யூனிபுரோட் என்ற புரதத் தரவுத்தளத்தில் புரதத்தைத் தேடி, அமினோ அமில வரிசையை ஃபாஸ்டா என்ற எழுத்து வடிவில் எடுத்து ஒட்ட வேண்டும். உயிரி வகையைத் தேர்ந்து அனுப்பினால் ஒரு வரைபடம் வரும்.

மனித இன்சுலினிலிருந்து தொடங்குங்கள். இரத்தத்தில் ஓடும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்தான். ரைபோசோம் கோப்பதோ 110. அதில் முதல் 24-தான் சிக்னல் பெப்டைடு. வரைபடத்தில் அது மூன்று பகுதிகளாகப் பிரிந்து தெரியும். முதலில், நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் சிறிய முனை. அடுத்து, தண்ணீரை ஒதுக்கும் நடுப்பகுதி. 7-ஆம் இடத்திலிருந்து 16 வரை மட்டும் ஏழு லூசின்கள். கடைசியில் 22, 23, 24 மூன்றுமே அலனின். வெட்டு விழுவது 24-க்கும் 25-க்கும் இடையில். சிக்னல் பெப்டைடேஸ் என்ற நொதிக்கு வெட்டுமிடத்தின் ஓரத்தில் இப்படிச் சிறிய அமினோ அமிலங்கள் தேவை. புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிற இந்த விஷயம் கோடுகளாக ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு, லூசின் கூட்டத்தைச் சிக்னலை அடையாளம் காணும் எஸ்ஆர்பி துகள் பற்றிக்கொள்கிறது, வலைப்பின்னலின் சவ்விலுள்ள ஸெக்61 வாயிலுக்கு ரைபோசோமைக் கொண்டுசேர்க்கிறது என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கருத்துக்குத்தான்.

அப்புறம் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை ஒட்டிப் பாருங்கள். சிக்னல் பெப்டைடு இல்லை என்று வரும். அதுவும் சரிதான், அது சைட்டோசாலில் வேலை செய்யும் புரதம். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஆனால் முடிவை எப்படிப் படிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 'சிக்னல் பெப்டைடு உண்டு' என்று வந்தால் 'செல்லுக்கு வெளியே போகும்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆய்வேடுகளில்கூடப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. பிஐபி என்ற புரதத்துக்கும் சிக்னல் பெப்டைடு உண்டு. ஆனால் மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவியபடி அது வலைப்பின்னலுக்குள்ளேயே இருக்கிறது; தப்பி, அடுத்த நிலையமான கோல்கி உறுப்புக்குப் போனாலும் வால் முனையிலுள்ள நான்கு அமினோ அமிலங்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அந்த வாலைச் சிக்னல்-பி பார்ப்பதில்லை. மறுபக்கம் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதம். அதற்குச் சிக்னல் பெப்டைடே கிடையாது. காஸ்பேஸ்-1 என்ற நொதி வெட்டிய பிறகு, செல் சவ்வில் காஸ்டெர்மின்-டி என்ற புரதம் போடும் துளைகள் வழியாக வெளியேறுகிறது. 'இல்லை' என்ற பதிலை வைத்து அது உள்ளேயே தங்கும் என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். ஆல்புமினிலும் கவனியுங்கள்: முதல் 18 அமினோ அமிலங்களைத்தான் இது காட்டும். அடுத்த ஆறு பிற்பாடு வேறொரு நொதியால் வெட்டப்படுபவை, அவை இதன் கணக்கில் வராது.

இதைக் கருவியின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். வாயிலில் நுழைவதற்கான அடையாளம் இருக்கிறதா, எங்கே வெட்டு விழும் என்பதுதான் இதனிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் நிஜமாகக் குறை சொல்வது முடிவுப் பக்கத்தைத்தான். இந்த எச்சரிக்கை அங்கேயே கண்ணில் படும்படி இருந்திருக்கலாம்.

அமைப்புகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். மனிதப் புரதம் என்றால் 'யூகாரியா' என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாக்டீரியாக்களில் உள்ள மற்ற வகைச் சிக்னல்களைத் தேவையில்லாமல் காட்டாமல் தவிர்க்கும். பாக்டீரியாவை ஆராய்பவர்களுக்கோ இந்தப் பதிப்பு பெரிய வரம். சிக்னல் பெப்டைடின் ஐந்து வகைகளையும் பிரித்துச் சொல்கிறது. அடுத்து, வேகமான முறை, மெதுவான முறை என்று இரண்டு உண்டு. உண்டா இல்லையா என்று பார்க்க வேகமானது போதும். மூன்று பகுதிகளின் எல்லைகள் துல்லியமாக வேண்டுமென்றால் மெதுவானதையே கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி: இன்சுலினின் 24-ஆம் அலனினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைகளுக்கு நீரிழிவு தரும் உண்மையான மரபணு மாற்றம் அது; அங்கே வெட்டு சரியாக விழுவதில்லை. இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டு அவர்களே பேசட்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் புரதமா என்று யாராவது கேட்டால் அதற்கு டார்கெட்-பி என்று தனிச் சேவை இருக்கிறது, அங்கே அனுப்பிவிடுங்கள்.