ரைஸின் 289ஆ, ஓவன்ஸின் 20 கேட்சா?

அமெரிக்கக் கால்பந்தில், சான் ஃபிரான்சிஸ்கோ 49யர்ஸ் அணியில் ஒரே ஆட்டத்தில் கேட்ச் பிடித்து அதிக யார்டு (பந்தோடு முன்னேறிய தூரம்) எடுத்தது யார் என்றால் கணக்குப்படி ஜெர்ரி ரைஸ்தான். 1995 டிசம்பரில் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக 14 கேட்ச், 289 யார்டு, 3 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது). ஐந்து வருஷம் கழித்து, 2000 டிசம்பரில், டெரல் ஓவன்ஸ் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக 283 யார்டு எடுத்தார். வித்தியாசம் வெறும் 6 யார்டு!

ஆனால் ஓவன்ஸ் பிடித்தது 20 கேட்ச். டாம் ஃபியர்ஸ் 1950இல் வைத்த, ஒரே ஆட்டத்தில் 18 கேட்ச் என்ற என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) சாதனை ஐம்பது வருஷம் அசையாமல் நின்று அன்றைக்குத்தான் உடைந்தது, அதுவும் ரைஸ் 49யர்ஸுக்காகச் சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தில், ரசிகர்கள் எல்லாரும் அவரை வழியனுப்ப வந்திருந்த நாளில்.

சரி, எது பெரிசு? என் ஓட்டு ரைஸுக்கு. ஓவன்ஸுக்கு ஒரு கேட்சுக்குச் சராசரி 14 யார்டு, ரைஸுக்கு 20க்கும் மேல், அப்படியென்றால் ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வரும்போதும் எதிரணி தடுப்பாட்டம் சிதறியிருக்கிறது. அப்புறம் ஆட்டத்தின் நெருக்கடியையும் பார்க்க வேண்டும். பேர்ஸுக்கு எதிராக 17-0, எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வைக்கிங்ஸ் ஆட்டமோ 37-30, ரைஸின் மூன்று டச்டவுனும் இல்லையென்றால் கை நழுவிப் போயிருக்கும்.