குவாலிஸுக்கு அடுத்து எது? கிரிஸ்டா, கேரன்ஸ், எர்டிகா

குவாலிஸ் வைத்திருந்த வீடுகளில் அடுத்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அதுவும் டீசலாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவாகிவிடும். எந்த டீசல் என்பது மட்டும்தான் கேள்வி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. கடைசியில் வாசலில் வந்து நின்றது பெட்ரோல் எர்டிகா. அதற்குக் காரணமாக இருந்த ஒரே விஷயத்தைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். மற்றவை விளம்பரத் தாளிலேயே இருக்கின்றன.

டொயோட்டா குவாலிஸை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது 2000 இல். 2005 இல் இன்னோவாவை இறக்கும்போது இதை நிறுத்திவிட்டார்கள். எங்களுடையது 2004 மாடல். 2.4 லிட்டர் டீசல் இன்ஜின், டர்போ கூடக் கிடையாது, 75 குதிரைத்திறன். வேகம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் காதுகுத்து, கல்யாணம், திருச்செந்தூர், குலதெய்வம் கோவில் என்று வீடே ஏறிக்கொண்டாலும் முனகாமல் போகும். ஏதாவது கோளாறு என்றால் தேவகோட்டையில் எந்தப் பட்டறையிலும் திறந்து பார்ப்பார்கள். 15 ஆண்டு முடிந்தபோது 2019 இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தோம், 2024 இல் மறுபடியும். அதற்கடுத்த ஆண்டு சக்கர வளைவுகளிலும் தரைத் தகட்டிலும் துரு பரவி, வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழத் தொடங்கியது. இன்ஜின் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பட்டியலில் மூன்று வண்டிகள் தேறின: பழைய இன்னோவா கிரிஸ்டா டீசல், புதிய கியா கேரன்ஸ் கிளாவிஸ் டீசல், புதிய மாருதி எர்டிகா பெட்ரோல். புதிய கிரிஸ்டா ஆன்ரோடு 20 லட்சத்தைத் தாண்டிவிடுவதால் பேச்சே இல்லை. இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் அதற்கும் மேலே. எர்டிகாவிலேயே சிஎன்ஜி உண்டு. கடைசி இருக்கையை நிமிர்த்தினால் பெட்ரோல் வண்டியிலேயே டிக்கி 209 லிட்டர்தான். சிஎன்ஜியில் அந்த இடத்தையும் எரிவாயு சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. ஏழு பேர் பையோடு போகிற வீட்டுக்கு அது சரிவராது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

இழுவையில் கிரிஸ்டாவோடு யாரும் போட்டி போட முடியாது. 2.4 லிட்டர் டீசல், 343 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை), பின்சக்கர இழுவை, லாரிபோல் சட்டத்தின் மேல் உட்காரும் உடல். கேரன்ஸ் 1.5 லிட்டர் டீசலில் 250. எர்டிகா பெட்ரோலில் 137 தான். இந்த எண்களைப் பார்த்துவிட்டு, ‘இதிலெல்லாம் ஏழு பேர் ஏறினால் என்ன ஆகும்?’ என்று என் அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான், பின்னால் வருகிறேன்.

முதலில் டீசலைப் பற்றி.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கிற புதிய கார்கள் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் இருக்க வேண்டும். மாருதி அந்தத் தேதியோடு டீசலையே கைவிட்டது. டீசலைத் தொடர்ந்தவர்கள் புகைக்குழாய் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டியை வைத்தார்கள். இன்ஜினிலிருந்து வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கவும் வேண்டும்; அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிடம் ஒரே சீராக ஓடினால் இது நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். பள்ளிக்கூடம், மார்க்கெட், மருத்துவர் வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிறுத்துகிற வண்டியில் இன்ஜினே சரியாகச் சூடேறுவதில்லை. எரிப்பு தொடங்கும், பாதியில் நாம் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். கரி சேர்ந்துகொண்டே போகும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரை மாட்டிக் கட்டாயமாக எரிக்க வைக்க வேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அது பெரிய செலவு.

மதுரையில் சித்தப்பா மகன் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது முக்கியமில்லை. இந்த வடிகட்டி உள்ள எந்த டீசலுக்கும் விதி ஒன்றுதான். அவன் மனைவி தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவாள், அவ்வளவுதான் ஓட்டம். விளக்கு எரிந்த நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு மேலூர் நான்குவழிச் சாலையில் நான்காவது கியரிலேயே கொட்டாம்பட்டி வரை போய்த் திரும்புவான். யாரையும் பார்க்க அல்ல, விளக்கை அணைக்க. ஒருமுறை பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினான். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. குறைய வேண்டியது எப்படிக் கூடும்? வடிகட்டியைச் சூடாக்குவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம், எரிப்பு பாதியில் நின்றுபோகும்போதெல்லாம், சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலோடு கலந்துவிடுகிறது. விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை. அந்த ஆயிலில்தான் இன்ஜினும் டர்போவும் ஓடுகின்றன. கெடுவுக்கு முன்பே ஆயிலை மாற்ற வேண்டும், அதுவும் டி.பி.எஃப். வண்டிக்கென்று வருகிற சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். குவாலிஸுக்கு ஊற்றியதுபோல் கடையில் கிடைத்ததை ஊற்ற முடியாது. சில டீசல்களில் இதற்கு மேல் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

எங்கள் வீட்டு ஓட்டமும் ஏறக்குறைய அதே மாதிரிதான். வாரம் முழுக்க ஊருக்குள், இடையில் காரைக்குடி, ஆண்டில் சில நெடும்பயணங்கள். எங்கள் பழைய மெக்கானிக்கிடம் கேட்டபோது ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “அண்ணே, இப்போது வருகிற டீசலுக்கு உங்கள் ஓட்டம் போதாது.” டீசலை நம்பிப் பிழைத்த மனிதர் வாயிலிருந்து வந்ததால் அதற்கு ஒரு கனம் இருந்தது.

இதோடு பணக்கணக்கையும் போட்டுப் பார்த்தோம். குவாலிஸ் காலத்தில் டீசல் வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு விலக்கிக்கொண்டது. நாங்கள் கணக்குப் போட்டபோது இடைவெளி 8, 9 ரூபாய்தான். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்டிகா லிட்டருக்கு 15 கொடுத்தால் செலவு சுமார் 54,000 ரூபாய். கேரன்ஸ் டீசல் 17 கொடுத்தால் 43,500. மிச்சம் பத்தாயிரம் சொச்சம். டீசல் இன்ஜினுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை லட்சத்துக்கு மேல். அதை ஈடுகட்டவே பத்தாண்டு ஓட வேண்டும், இடையில் வடிகட்டி எந்தத் தொல்லையும் தராமல் இருந்தால். கிரிஸ்டா 12 கொடுத்தால் டீசலுக்கே 61,700 ஆகிறது. பெட்ரோல் எர்டிகாவைவிட அதிகம். வண்டியின் எடை அப்படி.

ஆனால் கிரிஸ்டா பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. 2020க்கு முந்தைய, பழைய பிஎஸ்-4 தரத்துக் கிரிஸ்டாவில் டி.பி.எஃப். கிடையாது. குவாலிஸின் குணம் மிச்சமிருக்கிற கடைசி வண்டி அதுதான் என்று சொல்லலாம். பிஎஸ்-6 கிரிஸ்டாவிலும் வடிகட்டியில் சேர்ந்த கரியை நாமே எரிக்க ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். அது நல்ல யோசனை. ஆகவே 2018, 2019 மாடல்களாகத் தேடி அலைந்தோம். தடுத்தது விலைதான். விற்கும்போது கிரிஸ்டாவுக்கு மதிப்பு இறங்காது என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். வாங்கப் போகிறவனுக்கு அதே பெருமைதான் இடி. ஆறேழு ஆண்டு ஓடிய வண்டிக்குப் புது எர்டிகாவின் விலை, சிலதுக்கு அதற்கும் மேல். பார்த்தவற்றில் பாதி, டாக்ஸியாக ஓடி மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாறியவை. மீட்டர் சொல்லும் கிலோமீட்டருக்கும், பிரேக் மிதிக்கட்டையின் ரப்பர் தேய்ந்திருந்த லட்சணத்துக்கும் சம்பந்தமே இல்லை. 15 ஆண்டு ஆர்.சி. காலத்திலும் பாதி போயிருக்கும்.

அம்மாவின் முழங்காலும் சேர்ந்துகொண்டது. குவாலிஸில் ஏற அவருக்கு ஒரு கை பிடிக்க வேண்டும், பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். கிரிஸ்டாவும் சட்டத்தின் மேல் உட்காருவதால் தரை உயரம்தான். எர்டிகாவில் சட்டம் தனியாக இல்லை, தரை தாழ்வு. ஷோரூமில் நாற்காலியில் உட்காருவதுபோல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பிள்ளைகள் அப்போதே முடிவு தெரிந்ததுபோல் கடைசி வரிசையில் போய் இடம்பிடித்துவிட்டார்கள்.

கேரன்ஸைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. ஒரு மாலை ஓட்டிப் பார்த்ததோடு சரி. ஓட்டுகிறவனுக்கு மூன்றிலும் இதுதான் சுகம் என்று பட்டது. இருக்கையும் சத்தமின்மையும் எர்டிகாவைவிட ஒரு படி மேல். அதையே பெட்ரோலில் வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம்தான். பக்கத்து ஊர்வரை பழகிய மெக்கானிக்கும் உதிரி பாகமும் கிடைக்கிற வண்டி என்று பார்த்ததால் எங்கள் கை மாருதிப் பக்கம் போனது. கியாவை நெடுநாள் வைத்திருப்பவர்கள் இதை மறுத்தால் நான் வாதாட மாட்டேன்.

இனி எர்டிகாவின் குறைகள். அத்தான் கேட்ட கேள்விக்குப் பதில்: ஏழு பேரும் பைகளுமாக வத்தலக்குண்டு வழியில் கொடைக்கானல் ஏறினால், ஏசி ஓடும்போது இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் இருக்க வேண்டியிருக்கிறது. முந்துவதற்கு முன் யோசிக்க வேண்டும். குவாலிஸ் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கிரிஸ்டாவிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு எரிச்சல் வரும். நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 20க்கு மேல், எங்களுக்குக் கிடைப்பது நான் மேலே வைத்த 15ஐ ஒட்டித்தான். பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2024 ஜூலையில் வெளியிட்ட மோதல் சோதனையில் எர்டிகாவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். 2025 இல் எல்லா வேரியன்டிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது என்பது உண்மைதான், ஆனால் ஏர்பேக் கூடினால் உடல் கட்டுமானம் மாறிவிடாது. நெடுஞ்சாலையிலேயே குடியிருப்பவர் என்றால் இந்த ஒன்றுக்காகவே வேறு வண்டி பார்க்கலாம். நாங்கள் பெரும்பாலும் ஊருக்குள் என்பதால் ஒப்புக்கொண்டோம். வாங்கி இன்னும் ஓராண்டு ஆகவில்லை. ஐந்தாம் ஆண்டுச் செலவைப் பற்றி என்னால் இப்போது சொல்ல ஏதுமில்லை.

வேரியன்ட் தேர்வில் ஷோரூம்காரர்கள் தாமாகச் சொல்லாத ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி, வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. அதாவது 9.90 லட்சத்துக்கும் 10.10 லட்சத்துக்கும் இடையே விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம், வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். 2025 செப்டம்பர் 22 இல் ஜிஎஸ்டி மாறியதில் எர்டிகாவின் நடு வேரியன்ட் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. நாங்கள் அதையே எடுத்தோம். மேல் வேரியன்டில் வரும் அலாய் வீலுக்காக அந்தக் கோட்டைத் தாண்ட மனம் வரவில்லை.

உங்கள் ஓட்டம் வேறு என்றால் என் முடிவைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். தினமும் திருச்சிக்கோ மதுரைக்கோ போய்வருகிறவருக்கு டி.பி.எஃப். ஒரு பொருட்டே அல்ல. அவர் டீசல் கேரன்ஸை வாங்கினால் ஏன் என்று கேட்க மாட்டேன். மலையூரில் இருப்பவரும், ஆள் கணக்கு எப்போதும் ஏழுக்குக் குறையாதவரும், நல்ல பிஎஸ்-4 கிரிஸ்டா கிடைத்தால் விடக் கூடாது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பழைய பிஎஸ்-6 டீசல் எதையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால், வண்டியைக் கழுவி மினுக்கி நிறுத்தியிருப்பார்கள். அதைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆயில் கம்பியை உருவுங்கள். மேல்கோட்டைத் தாண்டி நின்றால், விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.