டிரான்ஸ்டிரெமும் மாற்றுச் சுருதிகளும்: ஸ்டைன்பெர்கர் ஜிஎல் கிட்டார், ஒரு மதிப்பீடு

டிரெமலோ கையை (தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோலை) அழுத்தினால், பெரும்பாலான எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஆறு தந்திகளும் ஆறு விதமாகச் சுருதி இறங்கும். ஒற்றைச் சுரத்தை வாசிக்கும்போது அது அழகாகவே இருக்கும். முழு கார்டை (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்களை) மீட்டிவிட்டு அழுத்தினாலோ அந்தக் கார்டு சிதைந்துவிடும். நெட் ஸ்டைன்பெர்கர் 1980களில் உருவாக்கிய டிரான்ஸ்டிரெம் என்ற டிரெமலோ அமைப்பு இந்தக் குறையைத் தீர்த்தது. ஒவ்வொரு தந்தியும் தனக்குரிய அளவு மட்டுமே நகரும்படி சேடில்கள் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் துண்டுகள்) அமைந்திருப்பதால், ஆறும் ஒன்றுபோல ஏறி இறங்குகின்றன. அதற்கும் மேலாக, கையைக் குறிப்பிட்ட இடங்களில் பூட்டிவிடலாம்: ஈ சுருதியிலிருந்து கீழே டி, சி, பி, மேலே எஃப் ஷார்ப், ஜி. வான் ஹேலன் குழுவின் 5150 இசைத்தொகுப்பில் (1986) எடி வான் ஹேலன் இதைப் பயன்படுத்தியதைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி நினைவிருக்கும்.

தலைப்பகுதி இல்லாத, கார்பன் இழையால் ஆன ஜிஎல் வகைக் கிட்டார் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கி ஈராண்டாக வாசித்து வருகிறேன். வழக்கமான சுருதியில் இதற்கு ஈடாக நான் எதையும் தொட்டதில்லை. பி-யில் பூட்டியவுடன் தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ 56 சதவீதமாகக் குறைந்து, விரலடியில் அவை மெத்தென்று நெகிழ்கின்றன. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுரம் ஏறிவிடும் என்பதால் இடது கையை இலேசாக்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் ஒரே பாட்டுக்குள் பாரிடோன் கிட்டார் (தாழ்ந்த சுருதிக் கிட்டார்) ஒன்று வந்துபோகிறது.

விற்றவர், "எந்தச் சுருதிக்கு மாற்றினாலும் அப்படியே நகரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது சரியல்ல என்பதை முதல் வாரமே கண்டுகொண்டேன். வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ அமைப்பிலிருந்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதிக்கு மாற, ஆறாம், இரண்டாம், முதல் தந்திகளை ஒரு முழுச்சுரம் இறக்கி, வெறுந்தந்திகளை மீட்டியபடி கையை டி இடத்தில் பூட்டினேன். நடுவிலுள்ள மூன்று தந்திகளும் நேர்த்தியாக இறங்க, இறக்கிய மூன்று மட்டும் அவற்றைத் தாண்டிக் கீழே போய்விட்டன.

காரணம் எளிது. சேடில் நகரும்போது தந்தியின் நீட்சி தளர்ந்து, இழுவிசையில் ஒரு குறிப்பிட்ட அளவு குறைகிறது. ஆனால் சுருதி எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது, ஏற்கெனவே இருந்த இழுவிசையில் அது எத்தனை பங்கு என்பதே. ஒரு முழுச்சுரம் இறக்கிய தந்தியில் இழுவிசை ஏற்கெனவே சுமார் 21 சதவீதம் குறைந்திருப்பதால், அதே நகர்வு அதைக் கூடுதலாகப் பாதிக்கிறது. கணக்குப் போட்டால், டி இடத்தில் அது இரண்டு அரைச்சுரங்களுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.6 இறங்கும், பி இடத்தில் ஐந்துக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட ஏழு இறங்கும். மேலே போகும்போதும் இதே கதைதான்: எஃப் ஷார்ப் இடத்தில் கிட்டத்தட்ட அரை அரைச்சுரம் அதிகமாக ஏறிவிடும்.

தடித்த தந்தி போட்டால் இழுவிசை மீண்டு எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். முதல், இரண்டாம் தந்திகளுக்குத் தடித்தவற்றை மாட்டிப் பார்த்ததில் பிழை துளியும் குறையவில்லை. சுற்றில்லாத உருக்குத் தந்தி ஒரு சுருதிக்கு வர எத்தனை விழுக்காடு நீள வேண்டும் என்பது அதன் நீளத்தையும் சுருதியையும் மட்டுமே பொறுத்தது. தடிமன் அந்தக் கணக்கிலிருந்து அடிபட்டுப்போகிறது. சுற்றுள்ள தந்திகளின் நிலை வேறு. அவற்றில் இழுவையைத் தாங்குவது உள்கம்பிதான் என்பதால், உள்கம்பி மாறாமல் மேற்சுற்று மட்டும் கனத்தால், ஆறாம் தந்தியைத் தாழ்ந்த சுருதியிலும் மற்றவற்றோடு ஒத்துப்போகச் செய்யலாம். டிரான்ஸ்டிரெமுக்கு என்றே அளவிட்ட, இருமுனைக் குண்டுள்ள தந்திகள் ஏன் தேவைப்படுகின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே மாற்றிய ஒவ்வொரு தந்திக்கும் சேடிலைத் தனியே திருத்தியாக வேண்டும். பொறுமையுள்ளவருக்கு அது முடியாத வேலையல்ல. ஆனால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் செய்யக்கூடியதும் அல்ல. டி-ஏ-டி-ஜி-ஏ-டி போன்ற வெவ்வேறு மாற்றுச் சுருதிகளுக்கு அடிக்கடி மாறுபவர் இதை நம்பி வாங்க வேண்டாம். ஒரே ஒரு சுருதியமைப்பைத் தேர்ந்து அதிலேயே நிலைப்பவருக்கும், வழக்கமான சுருதியை முழுமையாக ஏற்றி இறக்குபவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிதாகத் தொடங்குபவர்கள் ஆறாம் தந்தியை மட்டும் டி-க்கு இறக்கிப் பாருங்கள்: திருத்த வேண்டியது ஒரே சேடில். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சி இடத்தில் பூட்டினால் ஆறாம் தந்தி பி ஃபிளாட்டில் முழங்க, மேலே ஐந்து தந்திகளும் அதனோடு பிசிறின்றி நிற்கின்றன.